ஒண்ணரை மணி நேரத்துச் சிங்கப்பூர்

என் மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு இருப்பதோ ஒரே தம்பி. அவன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். லீவு கிடைத்ததும் டிக்கெட்டை போட்டோ எடுத்து அனுப்பினான். காதுகுத்து அன்று காலை ஐந்தரைக்கு ஏறினால் ஏழு மணிக்குத் திருச்சி.

அதைப் பார்த்ததும் எங்கப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒண்ணரை மணி நேரந்தான்! நம்ம கந்தர்வக்கோட்டையிலேருந்து திருச்சிக்குப் போற நேரம்!" என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் தீர்த்துவிட்டார். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுது, பறக்கிறது என்னவோ நாலு மணி நேரம் என்று நான் சொன்னால், "நீ சும்மா இரு, டிக்கெட்டுலயே போட்டிருக்கான்" என்று என் வாயை அடைத்தார்.

"இம்புட்டுக் கிட்டயா இருக்கு சிங்கப்பூரு?" என்று கேட்டவர்களையெல்லாம் விமானம் பார்க்க வேனில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கேதான் வந்தது வினை. தம்பி பெட்டியோடு வெளியே வந்தான். பெட்டியை வேன் மேலே கட்டியாச்சு. தம்பி உட்காரத்தான் இடமில்லை!

நல்ல நேரம் பத்தரையோடு சரி. கோயிலில் ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார். மொட்டை போட்ட பிள்ளை என் இடுப்பில் கத்துகிறான். போன் போட்டால், யார் இறங்குவது என்று அங்கே பஞ்சாயத்து நடக்கிறது. அத்தனை பேரும் சொந்தக்காரங்க, யாரை இறக்கிவிட்டாலும் ஆயுசுக்கும் கோவிச்சுக்குவாங்க. தம்பி, "நான் டாக்ஸியில வாரேன்" என்கிறான். "அழைக்க வந்துட்டு ஒத்தையில அனுப்புறதா?" என்கிறார் அப்பா. எனக்கு வந்ததே ஆத்திரம்! "சிங்கப்பூர்லேருந்து வந்தவன் திருச்சியில நிக்கிறான்! எம்புள்ளைக்கு மாமன் மடி கிடைக்கலேன்னா ஒங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று போனிலேயே அழுதுவிட்டேன்.

அப்புறம் அப்பா, "வாரோம்" என்று மட்டும் சொன்னார்.

பத்தேகாலுக்கு வேன் வந்து நின்றது. கதவைத் திறந்தால், அப்பா மடியில் என் தம்பி! முப்பது வயசுத் தடிமாடு, தலை கூரையில் இடிக்க, வெட்கமே இல்லாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இறங்கிய வேகத்தில் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். ஊசி பட்டதும் பிள்ளையோடு சேர்ந்து அவனும் அழுதான். அப்பா கால் மரத்துப்போய் நொண்டிக்கொண்டே வந்து பார்த்தார்.

லீவு முடிந்து திரும்புகிற டிக்கெட்டைப் பார்த்த அப்பா திகைத்துப்போனார். காலை ஒன்பதுக்கு ஏறினால் பிற்பகல் மூன்றரைக்குச் சிங்கப்பூர்.

"வர்றதுக்கு ஒண்ணரை, போறதுக்கு ஆறரையாடா?"

தம்பி சிரித்துக்கொண்டே கடிகாரக் கணக்கை முதலிலிருந்து விளக்கினான். அப்பா எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினார். பிறகு தொடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "டிக்கெட்டுல சரியாத்தான்ப்பா போட்டிருக்கான். நீ வர்றப்பவும் போறப்பவும் எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றார்.