மர்மக் காய்ச்சலும் என் கையெழுத்தும்

இருபத்திரண்டு வருஷம் சென்னையில் வைரஸ் ஆராய்ச்சி செய்தவள் நான். ஒரு புள்ளி தப்பாக இருந்தாலும் மாணவர்களின் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புவேன். அப்படிப்பட்டவள், செந்துறைப் பக்கம் சொந்த ஊருக்கு வந்து ஊராட்சித் தலைவியாகி, படிக்காமலேயே ஒரு கையெழுத்துப் போட்டேன். இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மழை விட்டதும் கீழத்தெருவில் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் உளைச்சல். தண்ணீர்த் தொட்டிகளில் எட்டிப் பார்த்தால் கொசுப்புழு துள்ளியது. ஊராட்சிக் கூட்டத்தில் சொன்னேன்: "டெங்கு சந்தேகம். ரத்தப் பரிசோதனை முகாம் கேட்டு எழுதுங்க."

செயலர் தீர்மான நோட்டை நீட்டினார். எப்போதும்போல அவர் உள்ளங்கை பக்கத்தை மூட, விரல்நுனி அடியைத் தொட, "இங்கதாங்க மேடம்" என்றார். விரல் காட்டிய இடத்தில் போட்டேன். மறுநாள் நிலவேம்புக் கஷாயம் ஊற்றக் கூப்பிட்டார்கள். கரண்டியைப் பிடித்துக்கொண்டு பேப்பர்காரரின் போட்டோவுக்குச் சிரித்தேன். என் தேர்தல் போஸ்டரில்கூடச் சிரிப்பு அவ்வளவு நன்றாக விழவில்லை.

நான்கு நாளாகியும் ரத்தம் எடுக்க யாரும் வரவில்லை. சுகாதார அதிகாரியிடம் போனேன்.

"நீங்க முகாம் கேக்கவே இல்லீங்களே," என்று நகலைக் காட்டினார். 'மர்மக் காய்ச்சல். கஷாயம் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது.' கீழே என் கையெழுத்து, அழகாக.

"எதுங்க மர்மம்? தொட்டியில நீந்துதே, அதுவா?"

"டெங்குன்னு எழுதுனா ஏன் வந்துச்சுன்னு மேல கேப்பாங்க மேடம். மர்மம்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

கூச்சமே இல்லாமல், எனக்கு ஏதோ நல்லது செய்துவிட்டதுபோலச் சொன்னார்.

ஊருக்குத் திரும்பினால், கடலை பிடுங்கப் போகும் ஒரு அம்மா தன் மகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மகள் ஆறு மாசம் கர்ப்பம். தலை நிற்கவில்லை, ஈறில் ரத்தம்.

"இத்தன நாள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போவல?" என்று நான் கத்தினேன்.

"நீங்கதான டாக்டரம்மா கஷாயம் ஊத்துனீங்க? உங்களுக்கே தெரியாத காய்ச்சல்னு பேப்பர்ல போட்டுருக்கு. பெரிய படிப்பு படிச்ச உங்களுக்கே தெரியலன்னா, எங்களுக்கு என்னங்க தெரியும்?"

நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். அரியலூர் போகும் வரை அந்தப் பெண்ணின் தலை என் மடியில் கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் முனகினாள். நான் அதிகாரியையும் செயலரையும் திட்டினேன், அப்புறம் என்னைத் திட்டினேன். எனக்கு வைத்திருந்த வசவுகள்தான் அதிகம்.

பரிசோதனையில் டெங்குதான். அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்தபடி ஊராட்சி ஆபீசுக்கு வந்து, தீர்மான நோட்டில் 'மர்மக் காய்ச்சல்' என்பதை மாற்றச் சொன்னேன்.

"வெள்ளை மை வச்சு அழிச்சிடலாங்க மேடம். தெரியவே தெரியாது," என்றார் செயலர்.

"அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடிங்க. அடியில என்ன இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியணும்."

டெங்கு, ரத்தப் பரிசோதனை முகாம் வேண்டும் என்று நானே எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாள் முகாம் வந்தது.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் வீடு திரும்பினாள். வயிற்றுப் பிள்ளையும் தப்பித்தது. அவள் அம்மா இப்போதும் என்னைக் கண்டால், "கஷாய டாக்டரு வராங்க டோய்" என்று தெருவுக்கே கேட்கச் சொல்கிறாள். சொல்லட்டும்.

செயலர் இன்னமும் விரலை நீட்டுகிறார். மேஜையில் ஒரு மர ஸ்கேல் வைத்திருக்கிறேன். முதலில் அந்த விரலில் ஒரு தட்டு, படிப்பது அப்புறம்.