படகுத்துறையில் கற்பூர ஆரத்தி

போன வாரம் எங்கள் பிள்ளையாரை ஒரு படகு இடித்திருக்கும். மயிரிழையில் தப்பித்தார்.

மகள் ஏழு மாதக் கர்ப்பம். அதற்காகச் சதுர்த்திக்கு என் வீட்டுக்காரி சரசு தன் கையாலேயே களிமண் பிள்ளையார் பிடித்தாள். "ஒரு காதுகூட உடையாம தண்ணிக்குள்ள போகணுங்க. அப்பத்தான் என் மனசு ஆறும்." இதுதான் அவள் வேண்டுதல்.

எனக்கோ வேலை முடியவே இருட்டிவிடும். அதற்குப் பிறகுதான் பிள்ளையாரைக் கரைக்க லகாட் ஊர்ப் பக்கத்துப் பழைய ஈயச் சுரங்கக் குளத்துக்குப் போனோம். வண்டி ஓட்டியது சரசுவின் தம்பி மணியம்.

அங்கே படகு இறக்க ஒரு சிமெண்டுச் சரிவு. சுத்தமாக, அகலமாக... பூஜைக்கென்றே கட்டிய மாதிரி! நடுவில் வாழையிலை போட்டு, தண்ணீரைப் பார்த்தபடி பிள்ளையாரை வைத்தோம். நான் தண்ணீரோரம் நின்று அவருக்குக் கற்பூரத் தட்டைச் சுற்றினேன். சரசு மணி அடித்தாள்.

அப்போதுதான் மேலேயிருந்து ஒரு வண்டி, பின்னால் படகை வைத்துக்கொண்டு ரிவர்ஸில் இறங்கியது.

"என்னங்க... படகு வருதுங்க!"

"தெரியுது! ஆரத்திய நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே?"

பதற்றத்தில் இன்னும் வேகமாகச் சுற்றினேன். வண்டியும் வேகமாக வந்தது!

மேலே நின்ற மணியம் கத்தினான்: "மாமா, கைய நிறுத்துங்க! வா வான்னு கூப்பிடற மாதிரி இருக்கு லா!"

இருட்டில் படகு இறக்கும்போது ஒருவர் கீழே நின்று டார்ச்சைச் சுற்றி வழிகாட்டுவாராம். அது எனக்கு எப்படித் தெரியும்?

சரசு மணியைப் போட்டுவிட்டுப் பிள்ளையாரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். டயர் வாழையிலை மேல் ஏறியது. கற்பூரம் அணைந்தது. வண்டியும் நின்றது.

ஒரு சீன அங்கிள் இறங்கி வந்தார். தமிழர்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்துக் கடையில் வளர்ந்தவராம். தமிழ் சரளம்.

"நல்லா கை காட்டினே தம்பி. மணிகூட அடிச்சீங்க! எந்தப் படகுத்துறையிலயும் இப்படிக் கவனிக்க மாட்டாங்க லா!"

பிறகுதான் சரசுவின் இடுப்பைப் பார்த்தார். "ஐயோ, சாமியா!" காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றினார்.

அவர் திட்டியிருந்தால்கூடத் தகும். படகு இறக்கும் இடத்தில் இலை போடுவது நடுரோட்டில் கோலம் போடுகிற மாதிரிதானே? அவரோ, "ஓரத்துல முழுக்கச் சேறு அக்கா. போட்டா சாய்ஞ்சு உடைஞ்சிடும். வாங்க, என் போட்ல போய் நடுக்குளத்துல விடலாம்" என்றார்.

படகைத் தண்ணீரில் இறக்கியதும் சரசு பிள்ளையாரோடு ஏறினாள். அங்கிள் அவளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் கொடுத்தார். பிள்ளையாருக்கும் ஒன்று மாட்டினார்.

"தண்ணிக்குள்ள போற சாமிக்கு எதுக்கு அங்கிள் ஜாக்கெட்?"

"என் போட்ல யாரு ஏறினாலும் போடணும் அக்கா. அங்க போய்க் கழட்டிக்கலாம்."

ஆரஞ்சு ஜாக்கெட்டில் பிள்ளையார் கம்பீரமாகப் போனார். கரையில் நின்று நான் கும்பிட்டேன். இந்த முறை கையை ஆட்டவே இல்லை!

திரும்பி வந்த சரசுவின் கண்ணில் தண்ணீர். "ரெண்டு காதும் அப்படியே இருந்துச்சுங்க."

மனசார வெளிச்சம் காட்டினால் தெய்வம் வரும் என்று நம்புகிறவன் நான். ரிவர்ஸ் கியரில் வரும் என்பதுதான் தெரியாமல் இருந்தது!