லெம்யுவலுக்கு வைத்த இலை

எங்கள் மலையில் பன்றி வேட்டைக்குப் போகிறவர் மூன்று நாளைக்கு முன்பே சோப்பை மறந்துவிட வேண்டும். காட்டுப்பன்றியின் மூக்குக்குச் சோப்பு வாசனை அரை மைலுக்கு அப்பாலிருந்தே எட்டிவிடும். வருகிறவன் மெதடிஸ்டா ஆங்கிலிக்கனா என்றுகூட அந்த வாசனையை வைத்தே அது சொல்லிவிடும் என்பார் எனோஸ். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான், இதை நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எனோஸின் முன்வரிசையும் பின்வரிசையும் காலியாக இருந்தால், புதன்கிழமை மலையேறப் போகிறார் என்று ஊருக்குப் புரிந்துவிடும். ஆனால் யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கேட்டால் வேட்டை கெட்டுவிடும். வீட்டுக்குள் ‘பன்றி’ என்ற சொல்லே எழக்கூடாது. ‘அந்தப் பெரியவர்’ என்பதோடு சரி.

அடிமைத்தளையிலிருந்து தப்பி மலையேறியவர்களின் வழிவந்த மரூன் குடிகள் நாங்கள்; ரியோ கிராண்டே ஆற்றுக்கு மேலே இருக்கிற எங்கள் ஊரின் கடைசி வீடு எனோஸுடையது. ஒல்லியான மனிதர். இடது காதில் பாதியை எப்போதோ ஒரு பெண்பன்றி எடுத்துக்கொண்டது. துப்பாக்கியைத் தொடமாட்டார். ஒரு வெடிச்சத்தம் கேட்டால் கூட்டம் முழுவதும் மலைக்கு அந்தப்பக்கம் போய் ஒரு வருடம் உட்கார்ந்துவிடும் என்பார். அவரிடம் இருந்தது இரண்டு நாய்கள், ஒரு ஈட்டி, ஒரு வெட்டுக்கத்தி, இடுப்பில் அபெங் என்கிற மாட்டுக்கொம்பு. ஒரு பாதையில் நேற்றுத் தண்ணீருக்கு வந்த கூட்டம் இன்று அதே பாதையில் வராது. கிழட்டுப் பெண்பன்றி ஒன்று முன்னால் வந்து, முன்னங்காலைத் தூக்கியபடி நின்று கேட்கும். அது கால் ஊன்றினால்தான் மற்றவை மூச்சு விடும். அப்படிப்பட்ட உயிரை ஈட்டி தூரத்துக்குள் கொண்டுவர எனோஸ் பெரணிச் செடியோடு செடியாக ஒரு பகல் முழுவதும் நிற்பார். ஒருமுறை அவர் தொப்பியில் குருவி கூடு கட்டி முட்டையும் இட்டுவிட்டது. முட்டையை நான் பார்த்தேன்.

அடித்த பன்றியை அப்படியே கீழே கொண்டுவர முடியாது, கெட்டுவிடும். மலையிலேயே பிமெண்டோ என்கிற வாசனைமர விறகில் பரண் கட்டி, இரண்டு நாள் புகைபோட்டு வாட்டித்தான் இறக்குவார்கள். அதற்கு முன்னால் ஒரு சடங்குமுறை உண்டு. ஈரலை அறுத்து, உப்பு தடவி, காட்டுவாழை இலையில் பெரிய மரத்தடியில் வைத்து, மேலே வெள்ளை ரம் தெளிக்க வேண்டும். அது போய்ச் சேர்ந்தவர்களின் பங்கு. வைத்ததும் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பரணிலிருக்கும் கறியை ஒரு சுற்றுத் திருப்பிப் போட்டு முடிக்கும்வரை அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது. சாப்பிடுகிற முன்னோரை வெறித்துப் பார்ப்பது மரியாதையில்லை.

எனோஸும் தம்பி லெம்யுவலும் சேர்ந்துதான் மலையேறுவார்கள். ஒரு ஈஸ்டர் வாரம், பன்றியை அடித்த பிறகுதான் பார்த்தார்கள், ரம் பாட்டில் காலி. ரம் இல்லாமல் இலை வைக்க முடியாது. தம்பியைக் கறி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எனோஸ் கீழே இறங்கினார். ரம் கிடைத்தது. ரம் கிடைத்த இடத்தில் பேச்சுத்துணையும் கிடைத்தது. மதியத்துக்குள் திரும்புவதாகச் சொன்னவர் மூன்று மணிக்குப் பனிமூட்டத்துக்குள் ஏறிப் போனபோது, பரணில் கறி ஒரு பக்கமாகக் கருகிக்கொண்டிருந்தது. லெம்யுவல் பெரணிக்குள் தொடை கிழிந்து, உயிர் போய்க் கிடந்தார். வெட்டுக்கத்தியின் பக்கத்தில் ஒரு குளம்பின் பாதி, வெட்டுப்பட்டு விழுந்திருந்தது.

எங்கள் கொம்பில் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் அழைப்பு உண்டு. அன்று மலையிலிருந்து லெம்யுவலின் அழைப்பு கேட்டது. அவர் ஊதுவது போல இல்லை, ஊதியது எனோஸ். பள்ளிக்கூடத்தில் கேட்ட எனக்குக் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது.

அதன்பிறகு எனோஸ் தனியாகவே போனார். வைக்கிற இலை எல்லாம் தம்பிக்குத்தான். தம்பி தன்னை மன்னித்துவிட்டானா என்பதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு கேள்வியே இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தால் இலை துடைத்துவிட்டாற்போல இருக்கும். முதுகுக்குப் பின்னால் மெல்லுகிற சத்தம்கூடக் கேட்கும். கேட்டபடி அழுதுகொண்டே கறியைத் திருப்புவாராம். இறங்கியதும் தம்பி மனைவி இசில்டாவின் வாசலில் கறியை வைத்துவிட்டு, லெம் வந்து சாப்பிட்டான் என்று சொல்வார். அவள் கறியை மட்டும் எடுத்துக்கொள்வாள். கோபம் வேறு, வாட்டின கறி வேறு.

ஒன்பதாவது வருடம் முதல்முறையாக அவள் வாய் திறந்தாள்.

“இலைய மடிச்சிருந்தாரா?”

“செத்தவனுக்குக் கை ஏது, இசில்டா?”

“திங்க வாய் இருக்கு, மடிக்கக் கை இல்லையாக்கும். என் புருசன் இலைய நாலா மடிச்சு, மேல ஒரு கல்ல வைக்காம எந்திரிச்சதே இல்ல. எனோஸ் அண்ணே, நீங்க வேற யாருக்கோ சாப்பாடு போட்டுட்டு இருக்கீங்க.”

அந்தப் பேச்சு அவர் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. மழை முடிந்த வாரம் மலையேறினார். ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. ஒரு இளம்பன்றி அவசரப்பட்டவன் போல நேராக ஈட்டிக்கு வந்து விழுந்தது. எதையோ கண்டு பயந்து ஓடிவந்தது போல இருந்தது என்று பின்னால் சொன்னார். இலை வைத்தார், முதுகைத் திருப்பினார். சற்று நேரத்தில் பின்னால் சத்தம் கேட்டது. நாய்கள் இரண்டும் குரைக்கவில்லை. வாலைக் காலிடுக்கில் செருகி, தீக்குள்ளேயே போய்விடுவது போல ஒட்டிப் படுத்தன. ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் படுக்கும். ஆவியைக் கண்டு படுக்கின்றன என்று நினைத்திருந்தார். இந்த முறை காது கொடுத்துக் கேட்டார். லெம்யுவல் சத்தமில்லாமல் சாப்பிடுகிற ஆள். இது சப்புக்கொட்டியது.

முறை முறைதான். கறியைத் திருப்பி முடித்துவிட்டே திரும்பினார். இலை காலி. ஈர மண்ணில் குளம்புத் தடம். வலது முன்னங்காலில் பாதிக் குளம்பு இல்லை.

தடம் காட்டுக்குள் போகவில்லை. மரத்தடியிலிருந்து தீயைச் சுற்றிக்கொண்டு வந்து, அவர் உட்கார்ந்திருந்த கட்டைக்குப் பின்னால், இரண்டு கை தூரத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது. வெகுநேரம் நின்றிருக்கிறது. ஒன்பது வருடமும் நின்றிருக்கும். ஏன் தன்னை விட்டுவைத்தது என்று யோசித்தவருக்கு விடை உடனே கிடைத்தது. சமையல்காரனை யார் கொல்வார்கள்? அப்படியானால் லெம்யுவலை? அதற்கும் விடை கிடைத்தது. அன்று ஒருநாள்தான் மரத்தடியில் இலை வைக்கவில்லை.

மறுநாள் காலை, மிச்சமிருந்த ஈரல் துண்டை இலையில் வைத்து, பாட்டில் ரம்மையும் அதில் கவிழ்த்தார். முதுகைத் திருப்பி, ஈட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சப்புக்கொட்டல் தொடங்கியது, வேகமாகி, பிறகு தளர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கறியைத் திருப்பாமல் அவர் திரும்பினார்.

இலையில் வாய் வைத்து நின்றது ஒரு கிழட்டுப் பன்றி, கன்றுக்குட்டி உயரம். முதுகு மயிர் நரைத்திருந்தது. தோளில் அவர் அப்பா காலத்து ஈட்டிமுனை ஒன்று, அதன்மேல் சதை வளர்ந்து மூடியிருந்தது. பரிமாறத் தாமதித்த ஆளைப் பார்ப்பது போல அவரைப் பார்த்ததாம். ஈட்டி தோளுக்குக் கீழே இறங்கியும் அது நிற்கவில்லை. ஈட்டித்தடி உடம்புக்குள் ஏற ஏற அவரைத் தள்ளிக்கொண்டே வந்து மரத்தோடு அழுத்தியது. தடியின் அடி வேரில் முட்டிக்கொண்டதால் தப்பினார். அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ரம் வாடையோடு அதன் மூச்சு நின்றது.

மரத்துக்கும் அதற்கும் நடுவிலிருந்து நழுவி வெளியே வந்து அதன் ஈரலை அறுத்தார். புது இலை வெட்டி வைத்தார். தெளிக்க ரம் இல்லை.

“லெம், நீ இத்தனை நாளும் பசியோட இருந்தது எனக்குத் தெரியாமப் போச்சுடா,” என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக் கறியைத் திருப்பினார். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. நாய்கள் தலையைத் தூக்கி, வாலை ஆட்டின.

திரும்பிப் பார்த்தார். இலை நாலாக மடிந்திருந்தது. மேலே ஒரு கல்.

ஒன்பது வருடம் எதற்காக ஏங்கினாரோ அது நடந்ததும் அந்த மனிதர் ஓடினார். கறி, ஈட்டி, கொம்பு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார். பள்ளிக்கூட வாசலைத் தாண்டியபோது பிள்ளைகள் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. அவர் பின்னாலேயே போனேன். இசில்டா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க அவர் சொல்லி முடிக்கும்வரை கத்தியை நிறுத்தவில்லை.

“கல்லு இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

கத்தியைக் கீழே வைத்தாள். “அப்ப ஒம்பது வருசமா அவர் பட்டினியா?”

எனோஸ் அதன்பிறகு மலையேறவில்லை. இன்றுவரை இல்லை. ஆடு வளர்க்கிறார், சோப்புப் போட்டுக் குளிக்கிறார், கோயிலில் அவர் பக்கத்திலேயே உட்காரலாம். மலைப்பக்கம் தலை திருப்புவதில்லை. வருடாவருடம் ஈஸ்டர் வாரத்தில் இசில்டாதான் தலையில் ஒரு சாப்பாட்டுப் பானையோடு தனியாக ஏறிப் போகிறாள். இறங்கி வரும்போது பானை காலியாக இருக்கும். இலையைப் பற்றி நாங்கள் யாரும் அவளிடம் கேட்பதில்லை.