பேட்டரிக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, குகட்பள்ளி வீட்டு வாசலில் என் பழைய கார் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹெட்லைட் மட்டும் பளீரென்று எரிந்து வெறுப்பேற்றியது. வண்டியை என் தலையில் கட்டியவனைத் திட்டிக்கொண்டே ஸ்டார்ட்டர் மோட்டாரை ஸ்பேனரால் நாலு தட்டு தட்டினேன். மறுபடியும் 'டிக்'.

எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் வந்து, "ஸ்டார்ட்டர் போயிந்தி சார்" என்று துக்கம் விசாரித்தார். எனக்குத் தெரியாதா என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

மனைவி வந்து பேட்டரியைக் குனிந்து பார்த்தாள். "வயர் மாட்டுற இடத்துல என்னங்க மஞ்சளா இருக்கு?"

சந்தனம். முந்தின நாள் பேட்டரி வயர்களைக் கழற்றிப் பளபளவென்று துடைத்தவன், பக்தி முற்றிப்போய், இரண்டு முனையிலும் சந்தனத்தைக் கெட்டியாக அப்பிக் குங்குமம் வைத்து, அதன் மேலேயே வயரை மாட்டியிருந்தேன். ஹெட்லைட்டுக்குப் போதுமான கரண்டை மட்டும் விட்டு, ஸ்டார்ட்டருக்கு வேண்டியதைத் தடுத்திருந்த காய்ந்த சந்தனத்தைச் சுரண்டியதும் வண்டி ஒரே திருப்பலில் கிளம்பியது.

மனைவி உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து, என் நெற்றியில் பட்டையாக இழுத்தாள். "இங்க எவ்வளவு வேணும்னாலும் வெக்கலாம். இங்க எப்பவுமே கரண்ட் கிடையாது."