மூட்டாத கைலி

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கைலிக் கடை. கணவருக்கு ஒன்று எடுத்துவிட்டு, இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டித் தரும் தையல் மெஷின் முன்னால் காத்திருக்கிறேன். பக்கத்தில் கல்லூரிப் பை மாட்டிய பெண் ஒருத்தி நீலக் கட்டம் போட்ட கைலியை எடுக்கிறாள். கடைக்காரர் அதையும் தையலுக்குத் தள்ளுகிறார்.

"மூட்ட வேண்டாம் அண்ணாச்சி. இது எனக்குத்தான்."

"ஒனக்கா? கைலியா?"

அவள் செல்போனை நீட்டுகிறாள். ஜகார்த்தாவாம். என் மகள் வயதுப் பெண்கள், டீசர்ட்டுக்குக் கீழே இதே கட்டத் துணியை இடுப்பில் சுற்றி முடிந்து, வெள்ளை ஷூவோடு ரயிலேறுகிறார்கள். காபிக் கடையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். கைலியோடு கேட்டைத் தாண்டினால் கணவரையே திட்டுகிறவள் நான்.

"அங்க இப்ப இதுதான் ட்ரெண்டு. இந்தோனேசியாக்காரி கட்டுதா, நான் கட்டப்படாதா?" ஜீன்ஸுக்கு மேலேயே சுற்றி முடிச்சுப் போடுகிறாள்.

"ஏட்டி, என் கடையிலேருந்து இப்படிப் போவாத. ஒங்க அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

போயேவிட்டாள். கரிவலம்வந்தநல்லூர் பேருந்தில் அவள் ஏற, படியில் நிற்கும் ஆண்கள் தானாக விலகுகிறார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி நிற்கிறார், ஊதவில்லை.

கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்புகிறார். கையில் என் கைலி. இதுவரை யாரிடமும் கேட்டிராத கேள்வியைப் பயந்து பயந்து கேட்கிறார்:

"இது... வீட்டுக்காரருக்குத்தானம்மா?"