இறங்கத் தெரியாத சைக்கிள்காரி

எதிர் வீட்டுத் தம்பி போன வாரம் ஒரு சைக்கிள் வாங்கினார். இங்கே தஞ்சாவூரிலேயே நல்ல வேலை, வாசலில் கார் நிற்கிறது. சர்க்கரை எல்லை தாண்டிவிட்டது என்று டாக்டர் மிரட்டியதால் இனிமேல் ஆபீசுக்கு சைக்கிளில்தான் போவாராம். பெட்டி பெட்டியாகச் சாமான் வந்து இறங்கியது. தலைக்கு ஒரு கவசம், கைக்கு உறை, தண்ணீர் பாட்டில் மாட்ட ஒரு கம்பி, பின்னால் மினுக் மினுக்கென்று எரிய ஒரு சிவப்பு விளக்கு. "எப்படிம்மா இருக்கு?" என்று கூப்பிட்டுக் காட்டினார். சுற்றி வந்து பார்த்தேன். ஸ்டாண்ட் இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை. "எல்லாம் சரி தம்பி, மீதி சைக்கிள் எப்ப வரும்?" என்று கேட்டுத் தொலைத்தேன். என் வாய் அப்படி. பாவம், முகம் சுருங்கிப்போய்விட்டது.

உண்மையில் சைக்கிளைப் பற்றிப் பேச எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. அந்தப் புது டயர் வாசனை மூக்கில் ஏறியதுமே என் பழைய சைக்கிள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் ஏழெட்டு வருஷம் சைக்கிளில் வேலைக்குப் போனவள். அதில் பாதிக் காலம் சைக்கிளை விட்டு இறங்கத் தெரியாமலே போனவள்.

நான் அப்போது கிராம சுகாதார செவிலியர். ஊர் வாயில் நர்ஸம்மா. அப்போது குடியிருப்பு மன்னார்குடியில். வேலை, ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில். காலையில் ஒரே ஒரு பஸ். நான் தலை பின்னி முடிப்பதற்குள் அது போய்விடும். அதனால் சைக்கிள். என் உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். நாலடி பத்து அங்குலம், கொண்டையோடு சேர்த்து.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டெண்ட். தெப்பக்குளத்துக் கரையில் விடிகாலையில் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஏறும்போதும் அவர் பிடித்தார், இறங்கும்போதும் அவர் பிடித்தார். நடுவில் உள்ளதை மட்டும் நான் கற்றுக்கொண்டேன். பத்தாம் நாள் வேலையில் சேர வேண்டியிருந்ததால் பாடம் அதோடு நின்றுவிட்டது. "எறங்குறது தானா வந்துரும்" என்றார். எனக்கு வரவில்லை.

ஆனால் வண்டியைச் சிங்காரிப்பதில் மனுஷன் குறையே வைக்கவில்லை. சேலை சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்துக்கு வலை. செயினுக்கு முழு மூடி. முன்னால் கூடை. தடுப்பூசிப் பெட்டி உட்காரக் கேரியர் மேல் ஒரு பலகை, அதை இழுத்துக் கட்டப் பழைய டியூபை அறுத்த ரப்பர் வார். பள்ளிக்கூடத்தில் கண்ணாடிக் குழாயைப் பிடிக்கிற இரும்புக் கிடுக்கியில் பழசாகிப்போன ஒன்றைக் கொண்டுவந்து, குடை பிடிக்க ஹேண்டில்பாரில் மாட்டினார். ஆடி மாதக் காற்றில் அந்தக் குடையை விரித்துப் பார்த்தேன். வண்டி என்னைக் கேட்காமல் வயலைப் பார்க்கத் திரும்பியது. ஒன்று போதாதென்று இரண்டு மணி வேறு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஏதாவது ஒன்று ஏறும். வண்டி தேர் மாதிரி ஆகிவிட்டது. தேருக்காவது முட்டுக்கட்டை போட்டு நிறுத்த நாலு பேர் உண்டு.

முதல் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஐஸோடு பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு நிலையத்து வாசலில் ஒரு காலை ஊன்றி இறங்கப் பார்த்தேன். பெட்டியின் கனம் ஒரு பக்கம் இழுக்க, வண்டி, பெட்டி, நான் மூன்றும் வாய்க்காலில். பெட்டி மிதந்தது. நான் மிதக்கவில்லை. பிள்ளைகளோடு வந்து காத்திருந்த தாய்மார்கள்தான் கரையேற்றினார்கள். நல்லவேளையாகப் பெட்டி இறுக்க மூடியிருந்ததால் மருந்துக்குச் சேதமில்லை. மரியாதைக்குத்தான் சேதம்.

அன்றைக்குப் பிடித்த பயம் விடவில்லை. அதன்பிறகு மதகுதான் கதி. அந்தச் சாலையில் வாய்க்கால் குறுக்கே போகிற இடமெல்லாம் மதகும், மதகின் ஓரத்தில் முட்டி உயரத்துக்குக் கட்டைச் சுவரும் உண்டு. அதில் காலை ஊன்றித்தான் ஏறுவேன், அதில் ஊன்றித்தான் இறங்குவேன். மொத்தம் பதினொரு மதகு. எந்தக் கர்ப்பிணி வீட்டுக்குப் போனாலும் பக்கத்து மதகில் வண்டியை விட்டுவிட்டு நடை. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று பார்வையிட வந்த அதிகாரி மாதிரி கட்டை மேல் ஒரு காலை வைத்து, நாலா பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்குவேன். என்ன கித்தாப்பு, போங்கள்.

மலர்க்கொடி என்று ஒரு பெண். இருபத்திரண்டு வயசு இருக்கும், நடவு வேலைக்குப் போகிறவள். நான் அங்கே வருவதற்கு முந்தின வருஷம் வீட்டிலேயே பிரசவமாகி, பிள்ளை அன்றைக்கே போய்விட்டது. மறுபடியும் உண்டாகி எட்டாம் மாதம். ஆஸ்பத்திரி என்றாலே வாயைத் திறக்க மாட்டாள். வீட்டுக்குப் போனால் மாமியார்தான் பதில் சொல்வார். நாலு மாதம் நடையாய் நடந்து அவளிடம் ஒரே ஒரு வாக்குறுதி வாங்கியிருந்தேன். "தலைவலி, கண் மங்கல், கால் வீக்கம், எது வந்தாலும் ரோட்டுல என்னை நிறுத்திச் சொல்லணும். நான் தினம் இந்த வழியாத்தான் போறேன்" என்றிருந்தேன். தலையை ஆட்டினாள்.

குறுவை நடவு நடந்துகொண்டிருந்த சமயம் அது. ஒரு நாள் காலையில் போய்க்கொண்டிருக்கிறேன். ஏழாவது மதகுக்கும் எட்டாவது மதகுக்கும் நடுவில்தான் இருப்பதிலேயே நீளமான இடைவெளி. அங்கே வயலை விட்டு ஏறி, முழங்கால் வரை சேற்றோடு சாலையோரத்தில் மலர்க்கொடி நிற்கிறாள். கையை உயர்த்தினாள்.

அவள் கை காட்டினதே பெரிய விஷயம், உங்களுக்குப் புரிகிறதல்லவா? நாலு மாத நடைக்குக் கிடைத்த பலன் அது. நான் என்ன செய்தேன்? நிறுத்த முடியாது. ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்கவும் துணிச்சல் இல்லை. 'இரு, இதோ வருகிறேன்' என்று அவளுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு இரண்டு மணியையும் சேர்த்து அடித்தேன். அடித்துக்கொண்டே அவளைத் தாண்டிப் போய்விட்டேன்.

எட்டாவது மதகில் இறங்கித் திரும்பி வேக வேகமாக நடந்து வந்தால் சாலையில் ஆள் இல்லை. வயலில் இறங்கி நடவு வரிசையில் குனிந்துவிட்டிருந்தாள். வரப்பில் நின்று கூப்பிட்டேன். "எதுக்கும்மா கை காட்டுன?"

அவள் நிமிரவில்லை. "ஒண்ணுமில்லீங்க. நீங்க போங்க, ஒங்களுக்கு ஆயிரம் வேல இருக்கும்."

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த அம்மாள்தான் பளிச்சென்று சொன்னார்: "மணியடிச்சு வெலகச் சொன்னீங்க. அவ வெலகிட்டா."

குனிந்திருந்தாலும் மலர்க்கொடியின் முகம் உப்பியிருந்தது வரப்பிலிருந்தே தெரிந்தது. எட்டாம் மாதத்தில் அது நல்லதுக்கில்லை. இப்போது வாயைத் திறக்காவிட்டால் அப்புறம் என்றைக்குமே திறக்க மாட்டாள். வேலைக்கு வந்தவர்கள் இருபது பேருக்கு மேல், எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். அரசாங்க நர்ஸ் என்கிற கித்தாப்பையெல்லாம் அந்த வரப்பிலேயே இறக்கி வைத்தேன்.

"எனக்கு சைக்கிள்லேருந்து எறங்கத் தெரியாது" என்றேன்.

அந்த அம்மாளே கேட்டார்: "தெரியாதுன்னா? பின்ன தெனம் எப்புடி எறங்குறீங்க?"

"மதகு பாத்துதான். மதகு இல்லாத எடத்துல நிறுத்துனா விழுந்துருவேன்."

முதலில் யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் வரிசை முழுக்கச் சிரிப்பு, நாற்று முடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். மதகுக் கட்டையில் நான் காலை வைத்து நிற்கிற தோரணையை ஒருத்தி சேற்றிலேயே நின்று நடித்துக் காட்டினாள். அச்சு அசல். ஆக, எல்லோரும் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். மலர்க்கொடியும் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து சிரித்தாள். சிரித்தவள் அப்படியே நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு நாளா மண்ட ஒடையுதுங்க. கண்ணு முன்னாடி மின்னுது."

அப்புறம் நான் நின்று யோசிக்கவில்லை. நாற்று ஏற்றி வந்த டிராக்டர் சாலையில் நின்றது. அதில் மலர்க்கொடியை ஏற்றி மடியில் சாய்த்துக்கொண்டு நேரே மன்னார்குடி ஆஸ்பத்திரி. ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. வலிப்பு வந்திருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. வழியில் டிராக்டர் சத்தத்துக்கு நடுவே என் காதில் சொன்னாள்: "சேத்தோட நின்னேன்ல, அதான் நிக்காமப் போறீங்கன்னு நெனச்சுட்டேங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் என்னைத் தேற்றிக்கொண்டு வந்தாள். ஐந்தாம் நாள் பெண் குழந்தை, கோழிக்குஞ்சு அளவில். பிழைத்துக்கொண்டது.

இறங்கவும் ஒருவழியாகப் பழகினேன். பெட்டியைப் பலகையிலிருந்து முன் கூடைக்கு மாற்றி, சீட்டை இரண்டு அங்குலம் இறக்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. இவ்வளவுதானா என்று என் வீட்டுக்காரரை இரண்டு நாள் வறுத்தெடுத்தேன்.

அதற்கும் சில வருஷம் கழித்து மொபெட் வந்தது. எந்த இடத்திலும் நிறுத்தலாம், இரண்டு காலையும் தரையில் வைத்தால் போதும். பறந்து பறந்து வேலை பார்த்தேன். நாலு ஊர் போகிற நேரத்தில் ஏழு ஊர். ஒரு நாள் ரேஷன் கடை வாசலில் மலர்க்கொடியைப் பார்த்து, என்னம்மா ஆளையே காணோம் என்று கேட்டேன்.

"நேத்து ரோட்டுல கை காட்டுனேனேங்க. நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க."

தூக்கிவாரிப் போட்டது. "எங்க? நான் பாக்கலியே. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லீங்க. பாப்பாவ பள்ளிக்கூடத்துல சேத்துட்டு வந்தோம். ஒங்ககிட்ட காட்டலாம்னு ரெண்டு பேரும் நின்னோம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தின தடவை இறங்கத் தெரியாது என்று சொன்னேன், அது உண்மை. இந்தத் தடவை சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. மறுநாள் அவள் வீட்டுக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு போனேன். பாப்பா சீருடையோடு நின்று காட்டினாள். ஆனாலும் அவர்கள் இரண்டு பேரும் சாலையில் நின்ற அந்த நேரத்துக்கு நான் போகவில்லைதானே?

மலர்க்கொடி குடும்பம் திருப்பூர் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எட்டாவது மதகை உடைத்துக் குழாய் பதித்துவிட்டார்கள். அவசரம் என்றால் போன் பண்ணினால் ஆம்புலன்ஸ் வருகிறது, அது ரொம்ப நல்ல விஷயம், குறை சொல்ல மாட்டேன். போன மாதம் மகனோடு காரில் அந்தச் சாலையில் போனேன். குறுவை நடவுதான். இயந்திரம் நட்டுக்கொண்டிருந்தது, அதன் மேல் ஒரே ஒரு ஆள். கை காட்ட வரப்பில் ஒருவரும் இல்லை. யாராவது நின்று கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தோம்.