பட்டை நகர்ந்த முருங்கை

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கொல்லைப்புற முருங்கை மரத்தின் பட்டை நகர்ந்தது!

சத்தியமாக நகர்ந்தது. மழையில் ஊறிப் பட்டை உப்பியிருக்கிறது என்று நினைத்து விரலை வைக்கப் போனேன். கிட்டே போனால்... அத்தனையும் கம்பளிப்பூச்சி! ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, முழங்கை நீளத்துக்கு ஒரே கூட்டம். கீழே கடுகு கொட்டினாற்போல் எச்சம். அதை மூன்று நாளாகக் குப்பை என்று பெருக்கித் தள்ளியிருக்கிறேன். முப்பது வருஷம் சயின்ஸ் டீச்சர் வேறு! வெளியே சொன்னால் வெட்கம்.

அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு முருகேசன் கூப்பிட்டார். மரத்தில் பாதி அவர்கள் வீட்டுப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. அவருடைய ஒன்றரை வயது மகளுக்குக் கை, கழுத்தெல்லாம் சிவப்புத் தடிப்பு.

"பிள்ளை ராத்திரி பூராம் அழுதுச்சு டீச்சர். பொழுது சாயிறதுக்குள்ள பூச்சி போகணும். இல்லாட்டி மரத்தை வெட்டிருவேன். கோவிச்சுக்கிடாதீக."

கையில் அருவாள். கோபிக்க முடியுமா? நியாயம் அவர் பக்கம். ஆனால் நான் ரிட்டயர் ஆன வாரம் கிளை ஒடித்து, என் கையால் போத்து நட்டு வளர்த்த மரமாயிற்றே!

கம்பளிப்பூச்சி என்றால் தீப்பந்தம் — ஊரறிந்த வைத்தியம். கம்பில் துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துப் பற்றவைத்தேன். ஜெயித்தே விட்ட மாதிரி ஒரு குஷி!

அப்போதுதான் கம்பெனி வேன் சத்தம். முருகேசனின் மனைவி வேணி, பட்டாசுக் கம்பெனியிலிருந்து நேரே வந்தவள், சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து அலறினாள்.

"ஐயோ டீச்சர், தீயை அணைங்க! என் சேலை பூராம் பட்டாசு மருந்து!"

பந்தத்தைத் தண்ணீர் வாளியில் முக்கினேன். பட்டாசு ஊரான ஏழாயிரம்பண்ணையில் குடியிருந்துகொண்டு, வேன் வரும் நேரத்தில் நெருப்பைத் தூக்கிய என்னை என்ன சொல்ல?

வேணி திட்டவில்லை. குளித்து, சேலை மாற்றிக்கொண்டு, நனைத்த சாக்கோடு வந்தாள். நான் துடைப்பத்தால் தேய்க்கப் போனேன்.

"உரசாதீக! கம்பெனியில சிந்துன மருந்தை அள்ளுற மாதிரி அலுங்காம அள்ளணும். உரசுனா முடி பறந்து எங்க வீட்டுக்குத்தான் வரும்."

இந்தப் பூச்சிகள் இருட்டினால்தான் மேலே ஏறி இலை தின்னும். பகலில் அடிமரத்தில் கூடிக் கிடக்கும். அதனால் ஓடவில்லை. ஈரச் சாக்கைப் போர்த்தி, அழுத்தாமல் வழித்து, சோப்புத் தண்ணீர் வாளிக்குள்... தொபுக்! ஒரு கூட்டம் காலி! நான் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினேன். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கில் துணி என்று வேஷம் கட்டிக்கொண்டு நாலு வாளி அள்ளினோம். பிறகு மரத்துக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்து, சுவரையும் கழுவிவிட்டோம்.

"அம்புட்டுத்தான் டீச்சர்" என்றாள் வேணி.

நெருப்பை நம்பிப் பிழைக்கிற அவளுக்குச் சாக்கும் தண்ணீரும் ஞாபகம் வருகிறது. நமக்கு மட்டும் ஏன் எடுத்தவுடன் தீக்குச்சி ஞாபகம் வருகிறது?

பொழுது சாயும்போது முருகேசன் வந்தார். களிம்பு பூசிய மகள் இடுப்பில் சிரித்துக்கொண்டிருந்தாள். அடிமரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேலே அண்ணாந்து பார்த்தார். விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். போச்சு, அருவாளை எடுக்கத்தான் போகிறார்!

திரும்பி வந்தபோது கையில் அருவாள் இல்லை — காய் பறிக்கிற துரட்டி!